சிவந்த காய்

பழத்துண்டை வாயில் போட்டதும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

துப்பினான்.

வாய் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. தண்ணீர் குடித்தான். போகவில்லை. விரலால் பல்லைத் தேய்த்தான். போகவில்லை.

பார்க்கத் தக்காளிதான். தக்காளியைவிடப் பளபளப்பு. இதற்குமேல் ஒரு பழம் எப்படிச் சிவக்கும்?

பெர்சிமன் என்று அப்பா சொன்னார். குன்னூரில் இப்போது சீசனாம். கமலவேணி வீட்டு மரத்துப் பழம். ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறைய அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

இன்று அவளே வருகிறாள்.

அப்பாவோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவள். அம்மா போய் இரண்டு வருடம். அப்பா இவளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார். அதை இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. பேப்பரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ வேண்டாம்னா விட்டுர்றேன் கண்ணு."

அதுதான் இவனால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் கத்தித் தீர்த்திருப்பான். எல்லாவற்றையும் இவன் தலையில் கட்டிவிட்டு அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

வேண்டாம் என்று இவன் சொல்லப்போவதில்லை. அவளே ஓடட்டும்.

பழங்களைத் துருவினான். கையில் பிசின்போல் ஒட்டியது.

நைட் ஷிஃப்ட் வேலையை விட்டபிறகு பகலில் தூக்கம் வராமல் கற்றுக்கொண்டது இந்த கேக் வேலை. முட்டை ஓடு ஒன்று மாவில் விழுந்தது. தேடி எடுத்தான். குறை எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் துவர்ப்பு மட்டும் போதும்.

நாட்டுச்சர்க்கரை, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்து எடுத்தான்.

அந்த டிரம்மை இவனைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. அம்மா அரிசி அளந்த படி உள்ளேதான் கிடக்கிறது. வேலைக்கு வரும் சாந்தியக்கா ஒருமுறை கைவிட்டாள். இவன் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

ஓவன் மணி அடித்தது. கேக் அழகாக எழும்பியிருந்தது. வாசனையும் நன்றாகவே இருந்தது.

அது இவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் மத்தியானம் வந்தாள். மலையில் போட்டிருந்த ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

முதல்முறை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் இனிப்பு. அம்மா வைத்த வழக்கம். தட்டில் மிச்சம் வைக்கவும் அம்மா விடமாட்டாள். கேக்கை வெட்டி வைத்தான்.

"தம்பியே பண்ணீங்களா?"

"ஆமா. உங்க பழம்தான்."

ஒரு வாய் எடுத்தாள்.

தாடை ஒருமுறை அசைந்து நின்றது. நிமிர்ந்து இவனைப் பார்த்தாள். அவள் வீட்டு மரம். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

இவன் கண்ணை எடுக்கவில்லை.

துப்பு.

அப்பா தன் தட்டை நோக்கிக் கை நீட்டினார். கைப்பழக்கத்தில் அவருக்கும் ஒரு துண்டு வைத்திருந்தான். அவரும் தின்பார் என்பதை யோசிக்கவே இல்லை.

அதற்குள் அவள் அந்தத் துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் சுகர் இருக்குதுங்களே."

"பாருடா, வந்ததும் அதட்டல் ஆரம்பிச்சாச்சு." அப்பா சிரித்தார். "அவ்வளவு நல்லாவா இருக்குது?"

"ஆமாங்க."

அந்த ஒரு சொல்லே நாக்குப் புரளாமல்தான் வந்தது.

இரண்டு துண்டையும் தின்றாள். மெதுவாக. தூள்கூட மிச்சமில்லாமல். தண்ணீர் கேட்கவில்லை.

தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது இவனுக்கு. நல்லவள் வேஷம். இவனைத் தோற்கடிக்கத்தான் தின்கிறாள்.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவளும் தட்டோடு வந்தாள். குழாயைத் திறந்து வாய் கொப்புளித்தாள். மறுபடி கொப்புளித்தாள். புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் மூன்று பழங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். கல்.

"சிவந்திருந்தாலும் இது காய்தானுங்க தம்பி. தொட்டா கொழகொழன்னு இருக்கோணும். அப்பாகிட்ட சொல்லிவிட்டேனே."

"அவர் சொல்லல." இவன் கழுவாத பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா தெரிஞ்சுதான் போட்டேன்."

"தெரிஞ்சுதுங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருக்கலாம். இவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அரிசிக்குள்ள வெச்சா பழுத்துரும்," என்றாள்.

டிரம் அவள் காலடியில்தான் இருந்தது.

திற, என்று காத்திருந்தான். மூடியில் விரல் படட்டும். எதிர்வீடு இல்லை, தெருவே எட்டிப் பார்க்கும்படி ஒரு கத்தலைத் தொண்டைவரை வைத்திருந்தான்.

அவள் குனியவில்லை. மூன்று பழங்களையும் இவனிடம் நீட்டினாள்.

நீட்டியபடியே நின்றாள்.

உள்ளே டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

பிடுங்கினான். மூடியைத் திறந்தான். முழங்கைவரை அரிசிக்குள் விட்டு முதல் பழத்தை அமுக்கினான். இரண்டாவது, படியில் இடித்தது. படியை ஓரம் தள்ளினான். மூன்றாவதையும் புதைத்தான்.

மூடியை ஓங்கிச் சாத்தினான்.

"பழுத்துதா இல்லையான்னு எனக்கெல்லாம் பாக்கத் தெரியாது," என்றான். "அடுத்த வாரம் நீங்களே வந்து கையை விட்டுப் பாத்துக்கங்க."