ஆறு தலை குறைவு

அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழுவில் கோரத்துக்கு, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, இன்னும் ஆறு தலை குறைந்தது. செயலாளர் நல்லசிவம் காலி நாற்காலிகளை மறுபடி எண்ணினார். இன்று பதவி நீட்டிப்புத் தீர்மானம் நிறைவேறாவிட்டால் அவர் பதவி போய்விடும்.

சுவர்த் திரையிலிருந்து பேசும், உறுப்பினர் பட்டியல் முதல் லிஃப்ட் வரை நிர்வகிக்கும் 'விதி ஆலோசகர்' என்ற கணினியைக் கேட்டார். "ஏதாவது வழி சொல்லுப்பா."

"மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினர்களை நீக்கலாம். மொத்தம் குறைந்தால் கோரமும் குறையும். நீக்கட்டுமா?"

"அடி சக்கை! தாராளமா நீக்கு."

பதினெட்டுப் பெயர்கள் அழிந்தன. "கூட்டம் செல்லுபடியாகும்" என்றது ஆலோசகர். கைதட்டல் அடங்குவதற்குள் மனைவி மங்கையின் போன் வந்தது.

"என்னங்க, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு! உறுப்பினர் இல்லாதவங்களுக்கு ஓடாதாம். ஃபேனும் நின்னுபோச்சு, மூச்சு முட்டுது!"

நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு அவள் பெயரில் இருந்தது; பட்டியலில் உறுப்பினரும் அவள்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவளுக்குப் பதிலாக அவர்தான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, அவளைத் திரும்பச் சேருப்பா! இப்பவே!"

"சேர்க்கலாம்" என்றது ஆலோசகர் பணிவாக. "பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

போனில் மங்கை லிஃப்ட் கதவைத் தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது.