பறக்காத நாற்பத்தேழு

“டாக்டர், பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். கையெழுத்துப் போட்டுருங்களேன்.”

காலையிலிருந்து குமுதா இதைச் சொல்வது நான்காவது முறை. அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் கமலநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“பொறு லா. இப்பத்தான் ரெண்டாம் பக்கம் வந்திருக்கேன்.”

குமுதா ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். இந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. இந்த அறிக்கை போனால்தான் இன்னும் ஓராண்டு கிடைக்கும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பை மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளான் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பாவம், உழைக்காமல் இல்லை அவள். சோளக்கொல்லைகளை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சியின் தசைப் புரத மரபணுவைத் தனியே பிரித்தாள். பாக்டீரியாவுக்குள் வைத்து நகலெடுத்தாள். அதை அடக்கும் மருந்தையும் செய்துவிட்டாள். மரபணு அடங்கினால் இறக்கைத் தசை சோர்ந்துவிடும், பூச்சி பறக்காது, அடுத்த கொல்லைக்குப் போகாது.

“ஐம்பது புழுவுக்கு மருந்து, ஐம்பதுக்கு வெறும் தண்ணி. சரி, ஊசி போட்டது யாரு?”

“நம்ம லேப் வாசுதான். என் கை நடுங்கும் டாக்டர். போட்டுட்டுத்தான் தைப்பூசத்துக்கு ஒரு மாச லீவுல போனான்.”

“புழு பூச்சியானதும், மருந்து போட்டதுல நாற்பத்தேழு பறக்கலையா! பிரமாதம்மா. எங்க, காட்டு பார்ப்போம்.”

“செத்துப்போச்சு டாக்டர்.” அவசரமாகச் சொன்னாள். “அதுங்க ஆயுசே பத்து நாள்தானே. குப்பையில போட்டாச்சு.”

கமலநாதன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். கதவும் திறந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வாசு நின்றான்.

“வாங்க சாமி! விரதம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது டாக்டர். பத்துமலையிலேருந்து கோமுட்டர் ரயில் பிடிச்சு நேரா இங்கதான் வரேன். இந்தாங்கக்கா, பிரசாதம். உங்க ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னுதான் பால்குடம் எடுத்தேன்.”

குமுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவாடா?”

வாசு தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன்க்கா. திட்டாதீங்க. விரதத்துல இருந்துக்கிட்டு ஒரு உயிரை முடக்க மனசு வரலை. நூறு புழுவுக்குமே வெறும் தண்ணியைத்தான் போட்டேன். உங்க மருந்து ஃபிரிட்ஜ்ல அப்படியே இருக்கு. நூறும் பறந்ததைப் பார்த்து எவ்வளவு நொந்து போயிருப்பீங்க! இன்னிக்கே மறுபடியும் ஆரம்பிச்சுடலாம்க்கா.”

‘நாற்பத்தேழு’ என்ற எண்ணின் மேல் வைத்த விரலை எடுக்காமலேயே, கமலநாதன் பேனாவை மூடினார்.