ஒரு வாய் கடித்த ரொட்டி

தாஷ்கண்டில் ஒரு நவீனக் கலைக்கூடம். புதிதாக வாங்கிய படைப்புகளைத் திறந்து வைக்க அமைச்சர் வர இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, பொறுப்பாளர் உல்மாஸின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் சபோகத்.

"ஐயா, அந்த ரொட்டியைக் குடுத்துடுங்க. என் மூத்த பொண்ணு தன் தம்பியோட ரொட்டியை எனக்குத் தெரியாம வித்துட்டா."

கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு வாய் மட்டும் கடித்த காய்ந்த ரொட்டி. பக்கத்தில் உல்மாஸ் உருகி உருகி எழுதிய குறிப்பு: 'ராணுவத்துக்குப் புறப்பட்ட மகன் கடித்துவிட்டுப் போனது. மிச்சத்தைத் திரும்பி வந்து தின்ன வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். அவன் வரவே இல்லை.'

முன்கூட்டியே பார்த்த நிருபர்கள்கூட விம்மிவிட்டார்கள்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா," என்றார் உல்மாஸ். "வீட்டுல இருந்தா எலிதான் தின்னும். இங்கன்னா ஊரே உங்க பையனுக்காக அழும்."

"எதுக்குய்யா அழணும்?" சபோகத் பதறினாள். "காலையில ரயில்ல வந்து இறங்கிட்டான். இங்க வாசல்லதான் நிக்கிறான். 'என் ரொட்டி எங்கம்மா'ன்னு கேக்குறானே, நான் என்னன்னு சொல்லுவேன்?"

வெளியே அமைச்சரின் கார் சத்தம். உல்மாஸ் சட்டென்று குனிந்து சபோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். அமைச்சர் அழுதுட்டுப் போறவரைக்கும் பையனை யார் கண்ணுலயும் காட்டிடாதீங்க!"