முப்பது நாள் மௌனம்

விடுதிச் சோற்றில் புழு கிடந்ததைச் சொன்னதற்காக, பல்கலைக்கழகம் நிரோஷாவுக்கு முப்பது நாள் மௌனம் விதித்தது. வீட்டில்கூட யாரும் அவளிடம் பேசக்கூடாது. யாராவது அவளிடம் ஒரு சொல் பேசினாலும் அவளது கைப்பட்டை மறுபடி முப்பதிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும்.

அதே விடுதியில் சாம்பார் ஊற்றும் அவள் அம்மா அஞ்சுகம், இருபத்தொன்பது நாளும் வாய் திறக்காமலே மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

கடைசி நாள் மதியம் கூட்டம் நெருக்கியடித்தது. அஞ்சுகம் முகம் பார்க்கவில்லை. வரும் தட்டுகளைப் பார்த்து ஊற்றிக்கொண்டே, எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

“போதுமா கண்ணு?”

அந்தத் தட்டு நகரவில்லை. அதைப் பிடித்திருந்த கையில் முப்பது என்று சிவப்பாக எரிந்தது.

மறுநாள் நிரோஷா பக்கத்து வரிசையில் போய் நின்றாள்.