ஸ்டாண்ட் இல்லாத படம்

"ஸ்டாண்ட பஸ்ஸுலயே விட்டுட்டேன் மாமா" என்றான் கஜேந்திரன், குரலைத் தாழ்த்தி.

கேமராவைப் பொருத்தி வைக்கும் அந்த மூன்றுகால் ஸ்டாண்ட், அவன் வேலை செய்யும் தலவாக்கலை ஸ்டூடியோவில் கதவுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே ஒளித்து வைத்துவிட்டுத்தான் அவன் பஸ் ஏறினான்.

பழனியாண்டி பஸ் போன பாதையை எட்டிப் பார்த்தார். மகள் பிரேமினியின் படத்தைத் தரகர் நாளைக்கே ராகலைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மாப்பிள்ளை சீக்கிரம் வெளிநாடு போகிறவர். தரகரின் பையில் வேறு பெண்களின் படங்களும் இருந்தன. இந்தப் படம் கலங்கினால் சம்பந்தமும் கலங்கும்.

கஜேந்திரனுக்கு வேண்டியதும் அதுதான்.

பழனியாண்டியை முறை வைத்து அவன் "மாமா" என்று கூப்பிடத் தொடங்கி இரண்டு தீபாவளி போய்விட்டது. அவரோ "தம்பி"யைத் தாண்டி வரவில்லை. லயத்து வரிசை வீடுகளின் பெண்பிள்ளைகள் எல்லாரும் அவனை "அண்ணே" என்றார்கள்; பிரேமினி மட்டும் எப்படியும் கூப்பிடுவதில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டான்.

"அப்ப கையில பிடிச்சே எடுங்களேன் தம்பி."

"எடுக்கலாம் மாமா. பனி மூடியிருக்கு, வெளிச்சம் பத்தாது. கை கொஞ்சம் ஆடுனாலும் படம் கலங்கிரும்."

"பளிச்சுனு ஒரு லைட்டு அடிக்குமே?"

"பேட்டரி செத்துப்போச்சு."

பழனியாண்டி வாசற்படியைப் பார்த்தார். அங்கே பிரேமினி பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, கொழும்பிலிருந்து வாங்கிவந்த கையடக்கக் கேமை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து கட்டைகள் விழ விழ அடுக்குகிற கேம். அந்த வருஷங்களில் மின்சாரம் வராத லயங்களுக்குக்கூட அது வந்துவிட்டது. அதன் கீச்சுச் சத்தம் கேட்காத வாசலே கிடையாது.

"அதுல இருக்க பேட்டரியக் கழட்டித் தா பாப்பா."

"இதுலயும் செத்துப்போச்சுப்பா."

அவள் கைக்குள் கேம் கீச்சென்றது.

"சாகப்போகுது" என்று திருத்திக்கொண்டாள்.

"ஆடுனது போதும். வந்து ஆடாம நில்லு."

தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கேமராவை அப்படியே விழுங்குகிறவள் போலப் பார்த்தாள். ராகலை மாப்பிள்ளை மேல் இவ்வளவு ஆசையா என்று கஜேந்திரனுக்கு நெஞ்சு எரிந்தது.

"ரோல்ல கடைசிப் படம். ஆடாம நில்லுங்க" என்றான், தொழில் முறைக்கு.

"நீங்க ஆடாம எடுங்க."

"ஒண்ணு... ரெண்டு..."

"மூணு" என்றதும் கேமராவைப் பீலிப் பக்கம் இழுத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான். அமுக்கும் நொடியில் கேமராவுக்குள் இருட்டிவிடும். எடுக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கெட்ட படத்தை அவன் வாழ்க்கையில் எடுத்ததில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோ முதலாளி தம்பிஐயா ஈரப் படத்தைக் கிளிப்பில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் லேசில் பாராட்டமாட்டார்.

"இஞ்ச வாடா. லயம், பீலி, பின்னால நிக்கிற தேயிலை எல்லாம் இழுபட்டுக் கிடக்கு. பிள்ளையின்ர முகம் மட்டும் செதுக்கி வைச்ச மாதிரி நிக்குது. ஸ்டாண்ட் இல்லாமல் என்னெண்டு எடுத்தனீ?"

கஜேந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணிமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

அந்த வாரமே ராகலையிலிருந்து பதில் வந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்களாம். பழனியாண்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"ஒங்க கையாலதான் தம்பி இந்தக் காரியமே நடக்குது."

முதலாளி இரண்டு பழம் தின்றார். கஜேந்திரனுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

சனிக்கிழமை பிரேமினி தனியாக வந்தாள். கண் சிவந்திருந்தது. படத்தின் பிரதி ஒன்றை மேசையில் போட்டாள்.

"கை ஆடுனா கலங்கிரும்னீங்களே. எங்க கலங்கிருக்கு?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது அவனுக்கு.

"வேணும்னுதாங்க ஆட்டுனேன். நீங்க ராகலைக்குப் போயிரக் கூடாதுன்னுதான் ஸ்டாண்டையும் ஒளிச்சு வச்சேன். சாமி சத்தியமா, மூணுன்னதும் பீலிப் பக்கமா நல்லா இழுத்தேன். எப்புடி இவ்வளவு தெளிவா வந்துச்சுன்னுதான் தெரியல."

பிரேமினி படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நானும் பீலிப் பக்கந்தாங்க ஆடுனேன்."