அகலமான ஸ்கீ

புதைய மாட்டேன், இதில் நான் புதையவே மாட்டேன் என்று நினைத்தபடி, கடைக் கம்பளத்தின் மேல் பனியில் சறுக்கும் அகலமான ஸ்கீப் பலகைகளில் ஏறி நிற்கிறாள் தவநாயகி. கண்ணாடிக்கு வெளியே லண்டன் மழை வழிகிறது. முழங்காலை மெல்ல மடிக்கிறாள். போன மாசியில் இதே மாதிரி ஸ்கீயை மலையில் வாடகைக்கு எடுத்து இறங்கிய காலைப்பொழுது உடம்புக்குள் திரும்புகிறது. தொடையளவு புதுப்பனி. ஒடுங்கிய ஸ்கீயோடு கணவர் யோகராஜா இடுப்புவரை புதைந்து நின்று கத்த, அவள் மாவின் மேல் போவதுபோல் சத்தமில்லாமல் மிதந்து போனாள். இப்போதும் சிரிப்பு வருகிறது. “என்னப்பா, தோணியிலயே ஏறி நிக்கிறீர்?” என்கிறார் யோகராஜா. “நடு அகலத்தில ஒண்டு எடும். தங்கச்சியும் பாவிப்பாள், மகளும் பாவிப்பாள்.” குளிர்கோட்டு, சூட்கேஸ், குடை என்று அவர்கள் வீட்டில் எதுவும் ஒருவருக்கென்று வாங்கப்படுவதில்லை. கடைப்பெண் வந்து, சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டைப் பொருத்த யாருடைய சப்பாத்தை அளக்கட்டும் என்று கேட்கிறாள். “ஆருக்கும் அளவாகிற மாதிரிப் பூட்டச் சொல்லும்,” என்று யோகராஜா மனைவியின் காதருகே குனிகிறார். தவநாயகி குந்தி, தன் சப்பாத்தைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிறாள். “இல்லையப்பா,” என்கிறாள் மெதுவாக. “என்ர காலுக்கே பூட்டட்டும்.”