பலகைக்கு எதிர் நாற்காலி

அவன் தன் அம்மாவைச் சாப்பாட்டுக் கடையின் பலகைக்கு முதுகு காட்டி உட்காரவைத்தான்.

கடைக்காரி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள்.

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் பனி விலகியிருந்தது. அவன் பள்ளத்தாக்கைக் காட்டி அம்மாவிடம் ஏதோ சொன்னான். ஆனால் அவன் கண் அடிக்கடி பலகைக்கே போய் வந்தது.

யோதாம். போன சீசனில் அவன்தான் அதை எழுதிக் கொடுத்தான். பச்சைப் பெயிண்ட், எபிரேய எழுத்து, மூன்றே சொல். 'இங்கே அன்பாகச் சமைப்பார்கள்' என்று பொருள் சொன்னான். வாயால் சொல்லவும் பழக்கினான்.

சொன்னாள். பாதையில் போன ஒவ்வோர் இஸ்ரேல் பிள்ளைக்கும் கும்பிட்டுச் சொன்னாள்.

சிரித்தார்கள். போனில் படம் பிடித்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

அவளும் சிரித்தாள்.

இந்த சீசனில் ஹிலா என்ற பெண் கால் பிசகிக் கடைக்குப் பின்னறையில் தங்கினாள். எழுத்துச் சொல்லித்தரட்டுமா என்று தானாகவே கேட்டாள்.

வலமிருந்து இடம். ரொட்டிக்கான சொல்லின் நடு எழுத்துக்கு நாக்கு தேவையில்லை. தொண்டையைக் குறுக்கிக் காற்றை உரசிவிட வேண்டும், சிக்கிய மீன்முள்ளைக் காறி எடுப்பதுபோல. அவளுக்குச் சீக்கிரமே வந்தது.

எழுத்தெல்லாம் மெய். உயிர் என்பது கீழே வைக்கும் புள்ளிகளும் கோடுகளும். அவையும் புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும். பழகியவர்களுக்கு மெய்யே போதும், உயிரை வாய் தானே போட்டுக்கொள்ளும்.

அந்த மொழியில் அஃறிணை கிடையாது. மேசை ஆண். கதவு பெண். வினைச்சொல்லும் கூடவே மாறும். உட்கார் என்பதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

அவளுக்கு அது பிடித்திருந்தது. மாவு பிசைந்துகொண்டே சொல்லிப் பார்த்தாள்.

ஒரு காலையில் கடையைத் திறந்தபோது பலகையை நிமிர்ந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள்.

புள்ளிகள் இல்லை. ஆனாலும் வந்தது.

இங்கே குரங்கு சமைக்கிறது.

தமிழில் இது எந்தக் குரங்காகவும் இருக்கலாம். அங்கே அப்படித் தப்ப முடியாது. குரங்கும் பெண், சமைப்பதும் பெண்.

ஹிலாவிடம் கேட்டாள். ஹிலா தலையைக் குனிந்துகொண்டாள். வந்த அன்றே பலகையைப் படித்திருக்கிறாள். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுத்தைச் சொல்லித்தந்திருக்கிறாள்.

ஹிலாமீதும் கோபம் வந்தது. கால் சரியாகும்வரை சாப்பாடு கொடுத்தாள், பேசவில்லை.

சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவளுடைய முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கை ரெஜினா அரிவாளோடு வந்தாள்.

"பேத்து அடுப்புல வச்சிருவோம்க்கா. திங்கிறதத் தின்னுட்டு என்னத்த எழுதி வச்சிருக்கான் பாரு, எடுபட்ட பய."

"தொடாத."

"மானத்த வாங்குது. இன்னும் தொங்கவிட்டு அழகு பாக்கப் போறியா?"

"எழுதுனவன் வரட்டும்டி."

வந்துவிட்டான். அம்மாவுடன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். யோதாம் எழுந்து நின்று சிரித்தான். "ஆண்டி! மை மதர்."

அம்மாவுக்கு நரைத்த தலை, வெயிலில் சிவந்த மூக்கு. எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மகனுக்குச் சாப்பாடு போட்ட கை என்று அவன் சொல்லியிருப்பான்.

பிடி இறுக்கமாக, சூடாக இருந்தது. அவளுக்கு அதுவும் எரிந்தது.

கைகளை விடுவித்துக்கொண்டாள். மேசையைச் சுற்றிப் போய், பலகையைப் பார்த்திருந்த எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஷ்வி கான்."

இங்கே உட்கார். பெண்ணுக்கான சொல். பிசிறில்லாமல் வந்தது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. இந்த மலையில் தன் மொழி! மகனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே மாறி உட்கார்ந்தாள்.

"ஆண்டி," என்றான் யோதாம். "ப்ளீஸ்."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பலகையைக் காட்டினாள்.

அம்மா தலைமேல் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். கண்கள் வலமிருந்து இடம் போயின.

உள்ளே ஆம்லெட் கருகும் வாடை. ரெஜினா கூப்பிட்டாள்.

அவள் நகரவில்லை. அந்த அம்மா சிரிக்கிறாளா என்று பார்க்க நின்றாள்.